ரேம் பழுதாகவில்லை, ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 31 ஆண்டுகளாகத் தங்கள் நாளிதழின் வாசகன் நான். ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவது இது இரண்டாவது முறை. முதல் கடிதம் எங்கள் தெருச் சாக்கடைக்கு மூடி இல்லாததைப் பற்றியது. அதை வெளியிட்டீர்கள், மூடியும் வந்தது. அந்தத் தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில், 2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி நின்றுபோன சம்பவத்தை நினைவுகூர்ந்து ஒரு கட்டுரை வந்திருந்தது. விமான நிலையங்களில் நின்ற வரிசை, கையால் எழுதிக் கொடுத்த போர்டிங் பாஸ், ஒளிபரப்பு நின்ற லண்டன் தொலைக்காட்சி என்று காட்சிகளை நன்றாகவே விவரித்திருந்தார் கட்டுரையாளர். ஆனால் ஏன் நடந்தது என்பதற்கு அவர் செலவழித்தவை இரண்டே சொற்கள்: ‘தொழில்நுட்பக் கோளாறு’. ரயில் தாமதமானாலும் இதே சொற்கள்தான், தேர்வு முடிவு இணையதளம் திறக்காவிட்டாலும் இதே சொற்கள்தான். சரி, பழகிவிட்டது என்று விட்டுவிடலாம். அடுத்த வரியில் ‘கணினிகளின் நினைவகம் பழுதானதால்’ என்று எழுதிவிட்டாரே, அதைத்தான் விட முடியவில்லை.

எங்கள் அடுக்ககத்தின் இரண்டாவது மாடியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். ஞாயிறு காலை கட்டுரையைப் படித்தார். திங்கள் மாலை காந்திபுரம் போய் 8 ஜிபி ரேம் ஒன்று வாங்கிக்கொண்டு என் வீட்டு அழைப்புமணியை அழுத்தினார். “தம்பி, நீங்கள்தானே கம்ப்யூட்டர் டிரைவர்? என் கணினியில் நினைவகம் பழுதாவதற்கு முன்னால் இதை மாற்றிக் கொடுத்துவிடுங்கள்” என்றார். எனக்கு 57 வயது. என்னைத் தம்பி என்று அழைக்கக்கூடியவர்கள் இந்த அடுக்ககத்தில் அவர் ஒருவர்தான் என்பதால் கோபப்பட முடியவில்லை.

நான் டிரைவர் ஓட்டுபவன் அல்ல, எழுதுபவன். கணினியில் செருகும் ஒவ்வொரு கருவிக்கும், அட்டைக்கும், அதை இயங்குதளத்தோடு பேசவைக்கும் நிரல் ஒன்று வேண்டும். அதற்கு டிரைவர் என்று பெயர். நீங்களும் நானும் பயன்படுத்தும் சாதாரணச் செயலிகள் இருக்கும் பகுதியில் அது பெரும்பாலும் இருப்பதில்லை. கெர்னல் என்னும் உட்பகுதியில், எல்லா அறைகளுக்கும் சாவி வைத்திருக்கும் இடத்தில் ஓடும். உங்கள் எழுத்துச் செயலி தப்பு செய்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும். டிரைவர் தப்பு செய்தால் வீடே போய்விடும். 1993-லிருந்து கோயம்புத்தூரில் இந்த ஒரே வேலையைத்தான் செய்துவருகிறேன். அந்த ஜூலை 19 அன்று உடைந்ததும், கருவி எதற்கும் உரியதல்ல என்றாலும், கெர்னலில் ஓடும் ஒரு டிரைவர்தான்.

நினைவக முகவரி என்பது என்னவென்று தலைமையாசிரியருக்குச் சொல்லிப் பார்த்தேன். புரியவில்லை. பிறகு என் மச்சானின் தொழிலைக் கடன் வாங்கினேன். அவர் பொள்ளாச்சியில் பத்திர எழுத்தர். உடனே புரிந்துவிட்டது. உங்கள் வாசகர்களிலும் நிலம் வாங்கியவர்கள், விற்றவர்கள், வழக்குப் போட்டவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால் அதே வழியில் சொல்கிறேன்.

கணினியின் நினைவகத்தைப் பெரிய வயல்வெளியாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சர்வே எண் உண்டு. அந்த எண்தான் முகவரி. லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் பழைய 32 பிட் வகையில் மொத்தம் 4 ஜிபி அளவுக்கு எண்கள். கீழே இருக்கும் 3 ஜிபி, செயலிகளின் பட்டா நிலம். மேலே இருக்கும் 1 ஜிபி, கெர்னலின் அரசு நிலம். செயலி ஒன்று அரசு நிலத்தில் கால் வைத்தால் மையச் செயலகச் சில்லே (சிபியு) தடுத்துவிடும். ஆனால் டிரைவரை யாரும் தடுக்க மாட்டார்கள், அது அரசு அதிகாரி. இப்போது ஒரு செயலி டிரைவரிடம் வந்து, “இந்த எண்ணில் என் இடம் இருக்கிறது, கருவியிலிருந்து வரும் தரவை அங்கே எழுதி வையுங்கள்” என்று ஓர் எண்ணைக் கொடுக்கிறது. அந்த எண் உண்மையிலேயே அதன் பட்டா நிலமா, இல்லை அரசு நிலத்தின் எண்ணை எழுதிக்கொண்டு வந்திருக்கிறதா என்று டிரைவர்தான் பார்க்க வேண்டும். பார்க்காமல் எழுதிவிட்டால், தன் கையால் தொட முடியாத இடத்தில் அந்தச் செயலி டிரைவரின் கையைப் பிடித்து எழுதிவிட்டது என்று பொருள். முத்திரை சார்பதிவாளருடையது, நிலம் வேறு யாருடையதோ.

இதைச் சொன்னதும் இளம் பொறியாளர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். “முகவரி சரியா என்று கெர்னலிடமே கேட்டுவிடலாமே, அதற்கென்று ஒரு செயற்கூறு (ஃபங்ஷன்) இருக்கிறதே?” இருக்கிறது. விண்டோஸில் அதற்கு ‘எம்எம் இஸ் அட்ரஸ் வேலிட்’ என்று பெயர். பெயரைப் பார்த்தால் கேட்டதைக் கொடுத்துவிடும் போலத் தெரியும். ஆனால் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று மைக்ரோசாப்ட் தன் ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. ‘ஆம்’ என்று பதில் வந்த முகவரியைத் தொட்டாலும் பக்கப் பிழை, அதாவது அந்த இடம் இப்போது நினைவகத்தில் இல்லை என்ற பிழை, வரலாம் என்கிறது.

காரணத்தை என் மச்சான் வேறொரு சந்தர்ப்பத்தில், வேறொருவரிடம் சொன்னார். கிணத்துக்கடவு பக்கம் 40 சென்ட் வாங்க வந்த ஒருவர், “சர்வே எண் சரியாக இருக்கிறது, புலப்படத்திலும் இருக்கிறது, அப்புறம் என்ன?” என்று அவசரப்பட்டார். மச்சான் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, “நிலம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அது இவருடையது என்று எங்கே தெரிந்தது? சரி, இவருடையது என்றே வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை வில்லங்கச் சான்று எடுக்கிறீர்கள், சுத்தமாக இருக்கிறது. புதன்கிழமை இவர் அதை வேறொருவருக்குக் கிரயம் செய்துவிட்டால், வெள்ளிக்கிழமை உங்கள் கையில் இருப்பது என்ன?” என்று கேட்டார். நான் அன்று டீ குடிக்கத்தான் அங்கே போயிருந்தேன். பல பயிற்சி வகுப்புகளில் கேட்காத விளக்கத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

‘எம்எம் இஸ் அட்ரஸ் வேலிட்’ சொல்வது, இந்த நொடியில் அந்த எண்ணில் ஒரு துண்டு நிலம் இருக்கிறது என்பதை மட்டும்தான். யாருடையது என்று சொல்லாது. அடுத்த நொடியும் இருக்குமா என்றும் சொல்லாது. ஏனென்றால் அதே செயலியின் இன்னொரு இழை (செயலிக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை), அதே சமயத்தில் இன்னொரு மையச் செயலகத்தில் ஓடிக்கொண்டு, அந்த இடத்தை விடுவித்துவிடலாம், உள்ளே இருக்கும் எண்ணை மாற்றிவிடலாம். டிரைவர் முதல் தடவை படித்துப் பார்த்தபோது நீளம் 64. இரண்டாவது தடவை பயன்படுத்தும்போது 64,000. இதற்குத் தீர்வு சலிப்பூட்டும் அளவுக்கு எளிது: வெளியார் நிலத்தில் இருப்பதை ஒரே ஒரு முறை நகலெடுத்து உங்கள் இடத்துக்குக் கொண்டுவாருங்கள், நகலைச் சரிபாருங்கள், நகலை மட்டுமே பயன்படுத்துங்கள். மூலத்தை மறுபடி திரும்பிப் பார்க்காதீர்கள்.

ஊருக்கு உபதேசம் செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். நானே இதில் விழுந்தவன். 2008-ல் நடந்தது.

அப்போது நான் வேலை செய்த சிறு நிறுவனம், நூற்பாலைகளில் நூல் நூற்கும் இயந்திரங்களான ரிங் ஃப்ரேம்களின் கதிர் வேகத்தைக் கவனிக்கும் 16 சேனல் அட்டை ஒன்றைத் தயாரித்தது. டிரைவர் என் கைவேலை. செயலி ஒரு முகவரியும் ஒரு நீளமும் கொடுக்கும். நான் அந்த முகவரியிலிருந்து அத்தனை பைட்டுகளை, கெர்னலில் ஒதுக்கியிருந்த 4,096 பைட் இடத்துக்குள் எடுத்துக்கொள்வேன். லினக்ஸில் இந்தச் சோதனைக்கென்றே ‘ஆக்சஸ் ஓகே’ என்று ஒன்று உண்டு. அதைச் செய்து, நகலும் எடுத்துக் கொடுக்கும் ‘காப்பி ஃப்ரம் யூசர்’ என்று ஒன்று உண்டு. இரண்டையும் விட்டுவிட்டு, வேகம் வேண்டும் என்று நானே ஒரு சோதனையை எழுதினேன்: முகவரியோடு நீளத்தைக் கூட்டு, கூட்டுத்தொகை 3 ஜிபிக்குள் இருந்தால் சரி. அதன் பிறகு சோதனை செய்யாமல் நகலெடுக்கும் வேகமான வகையைக் கூப்பிட்டேன். அதுதான் நானே சோதித்துவிட்டேனே!

பல்லடம் பக்கத்து ஆலை ஒன்றில் பொருத்தினோம். மூன்று வாரம் ஒழுங்காக ஓடியது. பிறகு இரவு ஷிப்டில் கணினி தானாக உறைந்துபோகத் தொடங்கியது. தினமும் அல்ல, வாரத்துக்கு இரண்டு முறை, நேரம் காலம் இல்லாமல். திரையில் கடைசியாக வரும் வரிகள் எல்லாம் நெட்வொர்க் அட்டையின் டிரைவரைக் குற்றம் சாட்டின. ஆலைக்காரர்கள் பஞ்சுத் தூசி என்றார்கள். நாங்களும் நம்பினோம். நூற்பாலைக்குள் அரை மணி நேரம் நின்றாலே தலைமுடி நரைத்துவிடும், கணினிக்குள் மட்டும் பஞ்சு போகாதா? நெட்வொர்க் அட்டையை மாற்றினோம், மின்வழங்கியை மாற்றினோம், ஒரு முறை கணினியையே மாற்றினோம். உறைவது மட்டும் மாறவில்லை. ஒரு நாள் உறைவதற்கு முன்பு கோப்பு ஒன்றையும் கெடுத்துவிட்டுப் போனது. ஷிப்ட் அறிக்கையில் பன்னிரண்டாம் ரிங் ஃப்ரேம் இரவு முழுக்க மணிக்குப் பூஜ்யம் கிராம் நூல் நூற்றதாக வந்தது. பாவம், அந்த ஃப்ரேம் பார்த்த பெண்ணைக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

கெர்னலில் ஒரு சோதனை வசதி உண்டு. ஒதுக்கிக் கொடுக்கும் ஒவ்வொரு இடத்தின் ஓரத்திலும் அடையாளம் எழுதிவைத்து, திரும்ப வாங்கும்போது அந்த அடையாளம் அப்படியே இருக்கிறதா என்று பார்க்கும். எல்லைக்கல் நடுவதுதான். அதை இயக்கிவிட்டு, சீரியல் கேபிளில் என் மடிக்கணினியை மாட்டிக்கொண்டு, இரண்டு இரவு கேன்டீன் பெஞ்சில் படுத்துக் கிடந்தேன். இரண்டாம் இரவு 2:40 மணிக்குச் சிக்கியது. என் 4,096 பைட் இடத்தின் எல்லைக்கல் பெயர்ந்திருந்தது. அதற்கு அப்பால், வேறு யாருக்கோ ஒதுக்கப்பட்ட இடத்தில், எங்கள் செயலியின் ஃப்ரேம் பெயர்ப் பட்டியல் உட்கார்ந்திருந்தது. ஆர்.எஃப். 12, ஆர்.எஃப். 13, ஆர்.எஃப். 14 என்று அழகாக வரிசையாக. அந்த வரிசையைப் பார்த்தபோது வயிற்றில் ஏற்பட்ட உணர்வை இன்றும் மறக்கவில்லை.

நடந்தது இதுதான். செயலி ஒரு கோப்பைப் படிக்கும்போது எப்போதாவது படிக்க முடியாமல் போகும். அப்போது அதற்குக் கிடைக்கும் பதில் -1. அதைக் கவனிக்காமல் அப்படியே நீளம் என்று எனக்கு அனுப்பியது. கழித்தல் குறிக்கே இடமில்லாத 32 பிட் எண்ணாகப் பார்த்தால் -1 என்பது 4,29,49,67,295. என் சோதனை முகவரியோடு இதைக் கூட்டியது. 32 பிட்டில் இடமில்லாததால் கூட்டுத்தொகை, பழைய மைல்மீட்டர் 99,999-க்குப் பிறகு பூஜ்யத்துக்கு வருவது போலச் சுற்றி வந்து, முகவரியைவிட ஒன்று குறைவாக நின்றது. முகவரி 13,45,20,832 என்றால் கூட்டுத்தொகை 13,45,20,831. மூன்று ஜிபிக்குள் இருக்கிறதா? தாராளமாக இருக்கிறது. “உள்ளே வாருங்கள்” என்று கதவைத் திறந்துவிட்டேன். செயலியின் நிலம் முடியும் வரை நகல் ஓடி, பக்கத்தில் இருந்த கெர்னல் இடத்தையெல்லாம் மூடிவிட்டுத்தான் நின்றது. அந்த இடத்துக்குச் சொந்தக்காரர் அன்றைக்கு நெட்வொர்க் டிரைவராக இருந்தார், அவ்வளவுதான். அவர் தன் பொருளைத் தேடி வந்தபோது விழுந்தார். பழி அவர்மேல்.

திருத்தம் இரண்டு வரி. நீளம் 4,096-க்கு மேல் போனால் திருப்பி அனுப்பு. எல்லையைக் கூட்டிப் பார்க்காதே, கழித்துப் பார்: மூன்று ஜிபியிலிருந்து நீளத்தைக் கழித்து, மிச்சத்தைவிட முகவரி பெரிதாக இருக்கக் கூடாது. நீளம் ஏற்கெனவே 4,096-க்குள் அடங்கிவிட்டதால் கழித்தலில் சுற்றி வரும் வேலை இல்லை. நான் ஒதுக்கிவைத்த ‘ஆக்சஸ் ஓகே’ இதைத் தொடக்கத்திலிருந்தே ஒழுங்காகச் செய்துகொண்டுதான் இருந்தது. ஆலைக்குப் போய் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை.

இனி ஜூலை 19-க்கு வருகிறேன். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஃபால்கன் மென்பொருளில் ஒரு பகுதி கெர்னலில் ஓடும் டிரைவர். அதற்கு அவ்வப்போது சிறு தரவுக் கோப்புகள் வரும். புதிதாக வந்த வைரஸை எப்படி அடையாளம் காண்பது என்பது போன்ற குறிப்புகள் அவை. அன்று நம் நேரப்படி காலை 9:39-க்கு வந்த கோப்பின் எண் 291. நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றது 10:57-க்கு. 78 நிமிடம். அதற்குள் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்துவிட்டன என்று மைக்ரோசாப்ட் கணக்குச் சொன்னது. மொத்த விண்டோஸ் கணினிகளில் அது ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான். அந்த ஒரு சதவீதம் விமான நிலையத்திலும் மருத்துவமனையிலும் வங்கியிலும் இருந்தது.

ஆகஸ்ட் 6-ஆம் தேதி அந்த நிறுவனமே வெளியிட்ட மூலகாரண அறிக்கையை உங்கள் கட்டுரையாளர் படித்திருந்தால் ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்று எழுதியிருக்க மாட்டார். அதில் இருக்கும் எண்கள் இரண்டு: 21, 20. குறிப்புகளின் வரையறையில் 21 புலங்கள். அவற்றுக்கு மதிப்புகளைக் கொண்டுவந்து கொடுக்கும் நிரலோ 20 மட்டுமே கொடுத்தது. இந்தப் பொருத்தமின்மை பிப்ரவரியிலிருந்தே அங்கே கிடந்தது. ஏன் வெடிக்கவில்லை? அதுவரை வந்த கோப்புகளில் 21-ஆம் புலத்துக்கு ‘எதுவானாலும் சரி’ என்று போட்டிருந்தார்கள். அதனால் யாரும் 21-ஆம் மதிப்பைத் தேடிப் போகவில்லை. ஜூலை 19 கோப்புதான் முதன்முறையாக 21-ஆம் மதிப்பை உண்மையிலேயே கேட்டது. 20 வீடு உள்ள தெருவில் 21-ஆம் கதவைத் தட்டப் போனது டிரைவர். கோப்பை அனுப்புமுன் பார்க்கும் சரிபார்ப்பு நிரல் ஒன்றும் இருந்தது. அதுவும் 21 மதிப்புகள் வரும் என்று நம்பிக்கொண்டிருந்தது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொரு விவரம். ஜூலை மாதக் கடைசியில் மைக்ரோசாப்ட் வெளியிட்ட ஆய்வில், டிரைவர் விழுந்த இடத்தின் இயந்திர ஆணைகளைக் காட்டியிருந்தார்கள். முகவரியைத் தொடுவதற்கு முன்னால் அது பூஜ்யமா என்று ஒரு சோதனை இருந்தது! பூஜ்யம் இல்லை. எனவே தொட்டார்கள். அது பூஜ்யமும் இல்லை, நல்ல முகவரியும் இல்லை, இருபதாவது வீட்டுக்கு அப்பால் கிடந்த ஏதோ ஒரு குப்பை எண். பத்திரத்தில் சர்வே எண் எழுதும் இடம் காலியாக இல்லை என்று மட்டும் பார்த்துவிட்டுப் பதிவு செய்தது போல. பூஜ்யச் சோதனை போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று எத்தனை பேர் இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறோம்!

கணினி ஏன் உடனே நின்றது, ஏன் தாங்கிக்கொள்ளவில்லை என்று தலைமையாசிரியர் கேட்டார். நிற்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. நிற்காமல் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்குப் பல்லடத்து ரிங் ஃப்ரேமே சாட்சி. ஆனால் அந்த டிரைவர் கணினி தொடங்கும்போதே ஏறிக்கொள்ளும் வகை. மறுபடி போட்டால் மறுபடி விழும். கோப்பைத் திரும்பப் பெற்றும் பெரிதாகப் பயனில்லாமல் போனது அதனால்தான். விழுந்த கணினிகளில் பெரும்பாலானவற்றின் முன்னால் ஓர் ஆள் உட்கார்ந்து, பாதுகாப்பு முறையில் தொடங்கி, அந்த 291-ஆம் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. வட்டு பூட்டப்பட்டிருந்தால் முதலில் 48 இலக்க மீட்பு எண்ணைத் தட்டச்சு செய்ய வேண்டும். 48 இலக்கம், ஒவ்வொரு கணினிக்கும் வேறு வேறு. சென்னையில் ஒரு நிறுவனத்தில் கணினிப் பராமரிப்பில் இருக்கும் என் அக்கா மகன் அந்த வெள்ளிக்கிழமை காலை வேலைக்குப் போனவன் ஞாயிறு மதியம்தான் வீட்டுக்கு வந்தான். திங்களன்று என்னைக் கூப்பிட்டு, “மாமா, கண்ணை மூடினால் எண்களாக வருகிறது” என்றான்.

பெரியவர்களும் தவறியிருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2017 செப்டம்பரில் வந்த லினக்ஸ் 4.13-ல், ‘வெயிட் ஐடி’ என்ற அழைப்பில் நிரலை மாற்றி எழுதும்போது ‘ஆக்சஸ் ஓகே’ சோதனை விடுபட்டுப் போனது. எந்தச் சாதாரணச் செயலியும் அதைக் கொண்டு கெர்னலின் எந்த இடத்திலும் எழுதவைக்கலாம் என்ற நிலை. அக்டோபரில் திருத்தினார்கள். எழுதியவர்கள் கற்றுக்குட்டிகள் அல்லர், இந்தத் துறையில் தேர்ந்த கைகள். எனக்குப் பிடித்தது அதன் பிறகு நடந்ததுதான். 2019 ஜனவரியில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், செயலியின் நிலத்துக்குள் நுழையும் கதவைத் திறக்கும் செயற்கூற்றுக்குள்ளேயே அந்தச் சோதனையை வைத்துவிட்டார். இனி சோதனையை மறந்துவிட்டுக் கதவை மட்டும் திறக்க முடியாது. அதே மாதம் ‘ஆக்சஸ் ஓகே’யிடம் ‘படிக்கவா, எழுதவா’ என்று சொல்லும் வழக்கத்தையும் நீக்கினார். அந்த வழக்கம் இன்டெலின் பழைய 386 சில்லுக் காலத்து எச்சம். கெர்னல் எழுதும்போது, ‘இங்கே எழுதாதே’ என்ற பக்கக் குறியை 386 மதிக்காது, அதனால் எழுதுவதற்கு முன் கையால் சோதிக்க வேண்டியிருந்தது. 486-ல் அந்தக் குறை தீர்ந்தும், கேள்வி மட்டும் காலங்காலமாக நின்றது. நம் அலுவலகப் படிவங்களில் தந்தை பெயருக்குப் பக்கத்தில் எதற்கென்று தெரியாமல் ஒரு கட்டம் இருக்குமே, அதுபோல.

சில ஆண்டுகளுக்கு முன்பு இங்குள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் ஒரு பருவம் பாடம் எடுத்தேன். ‘டிவைஸ் டிரைவர் என்றால் என்ன?’ என்பது அங்கே இரண்டு மதிப்பெண் கேள்வி. முகவரிச் சோதனை பாடத்திட்டத்தில் இல்லை. நான் ஒரு மணி நேரம் சொன்னேன். பின்வரிசையில் ஒரு மாணவி எழுந்து, “சார், ஆக்சஸ் ஓகே சரி என்று சொன்ன பிறகும் காப்பி ஃப்ரம் யூசர் தோற்றுப்போகலாம் என்கிறீர்களே, அப்படியானால் அந்தச் சோதனை எதற்கு?” என்று கேட்டாள். அன்று வீடு திரும்பும்போது எனக்கு ஊதியம் கிடைத்துவிட்டதாக நினைத்தேன். ஆக்சஸ் ஓகே பார்ப்பது அந்த எண் பட்டா நிலத்தின் எல்லைக்குள் வருகிறதா என்று மட்டும்தான். அங்கே உண்மையில் நிலம் இருக்கிறதா, ஏரித் தண்ணீர் நிற்கிறதா என்பது காலை வைத்தால்தான் தெரியும். வழுக்கினால் விழாமல் திரும்பி வருவதற்கான ஏற்பாடும் காப்பி ஃப்ரம் யூசருக்குள் இருக்கிறது. எத்தனை பைட் மிச்சம் என்று சொல்லிவிட்டுத் திரும்பும். அந்தப் பதிலை வாங்கிப் பார்க்காமல் விடுகிறார்கள் பாருங்கள், அது தனிக் கடிதத்துக்கான விஷயம்.

விண்டோஸ்காரர்களுக்கும் ஒன்று. ‘புரோப் ஃபார் ரீட்’ என்ற சோதனைக்கு நீளம் பூஜ்யம் என்று கொடுத்தால் அது முகவரியைப் பார்க்கவே பார்க்காது. நீளம் எங்கிருந்து வருகிறது? வெளியிலிருந்து. யார் கொடுப்பது? யாரை நம்பக் கூடாதோ அவர்.

எனவே ஐயா, நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அடுத்த முறை இப்படி ஒன்று நடக்கும்போது, ‘வெளியிலிருந்து வந்த எண்ணைச் சரிபார்க்காமல் டிரைவர் பயன்படுத்திவிட்டது’ என்று ஒரு வரி போடுங்கள். ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்பதைவிட நான்கைந்து சொற்கள்தான் அதிகம். நிலப் பதிவு மோசடியைப் பற்றி உட்பிரிவு எண் வரைக்கும் எழுதும் நாளிதழுக்கு இது முடியாததா?

அதோடு, ‘நினைவகம் பழுதாகவில்லை’ என்று ஒரு திருத்தமும் வெளியிட வேண்டும். தலைமையாசிரியரிடம் நான் எவ்வளவு சொல்லியும், பத்திரிகையில் அச்சில் வந்ததை நான் மறுப்பதாகத்தான் நினைக்கிறார். ரேமை நான் போட்டுக் கொடுக்கவில்லை, அவர் கணினிக்கு அது பொருந்தவும் பொருந்தாது. உறையைப் பிரித்துவிட்டதால் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார். திருத்தம் அச்சில் வந்தால், அதை எடுத்துக்கொண்டு இன்னொரு முறை காந்திபுரம் போய்ப் பேசிப் பார்ப்பதாகத் தலைமையாசிரியர் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பீளமேடு, கோயம்புத்தூர்.